அண்ணாச்சியின் வயிற்றில் எங்கள் நிம்மதி

புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சிஸ்டர், நீங்கள் ஸ்ட்ரெஸ்ஸை எப்படிச் சமாளித்தீர்கள்? நான் ரிட்டையராகி, திலக் நகரில் ஒரு ஃபிளாட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஸ்ட்ரெஸ் வந்ததே இப்போதுதான். வேலையில் இருந்த காலத்தில் அதற்கெல்லாம் நேரம் ஒழிந்ததில்லை.

ஆனாலும் விடமாட்டேன் என்கிறீர்கள். சரி, சொல்கிறேன். ஊசி போடுவதையும் கட்டுப் போடுவதையும் காலேஜில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். நோயாளியின் சொந்தக்காரர் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது என்பதை வந்த மாதத்திலேயே நீங்களாகக் கற்றுக்கொள்வீர்கள். மேலே இருப்பவர்கள் உங்களுக்கு நிம்மதி கொடுத்தே தீருவது என்று கிளம்பி வந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் பாடப் புத்தகம் கிடையாது. கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

பம்பாய் செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே எலும்பு வார்டுக்கு நான் இன்சார்ஜ். இதய வார்டில் நோயாளி பயந்துபோய் வாயை மூடிக்கொண்டு கிடப்பார். எலும்பு வார்டு அப்படியில்லை. கால் மட்டும்தான் உடைந்திருக்கும், வாய் முழு பலத்தோடு இருக்கும். டீ கேட்பார்கள், ஸ்கோர் கேட்பார்கள், பெட்பேன் கேட்பார்கள், மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். யாராலும் எழுந்து நடக்க முடியாது, அதனால் எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் நடக்க வேண்டும்.

ஒருநாள் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த மேடம் எல்லா இன்சார்ஜ்களையும் மேல்மாடி ஹாலுக்கு வரச் சொன்னார். மேடம் கெட்டவர் இல்லை. நர்ஸுகளுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று மனதார நினைத்தவர். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. அவர் பக்கத்தில் கார்த்திக் என்று ஒரு இளைஞன் லேப்டாப்போடு நின்றான். ஐரோலியில் ஏதோ கம்பெனி, வீடு மாட்டுங்காவில். நான் யாரிடமோ போனில் தமிழ் பேசியதைக் கேட்டுவிட்டு, "மாமி, நீங்களும் நம்மவாளா?" என்று முகமெல்லாம் பல்லாக வந்தான். எங்கப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்குப் பிழைக்க வந்தவர். என்னை அக்கா என்றிருக்கிறார்கள், சித்தி என்றிருக்கிறார்கள், பிசாசு என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். மாமி என்று அதுவரை எவனும் கூப்பிட்டதில்லை. முறைத்தேன். அவனுக்கு உறைக்கவில்லை.

அவன் கொண்டுவந்தது ஒரு தியான ஆப். நர்ஸுகள் எல்லோரும் போனில் அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். தினமும் டூட்டிக்கு நடுவில் மல்லாந்து படுத்து, போனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, பத்து நிமிஷம் மூச்சை இழுத்து விட வேண்டும். வயிறு சீராக ஏறி இறங்கினால் போனில் பச்சை வரும். தடுமாறினாலோ பாதியில் எழுந்துவிட்டாலோ சிவப்பு. எந்த வார்டு எத்தனை பச்சை என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு திரையில் ஓடும். ஒரே வார்டில் நிறையப் பேருக்கு ஒரே சமயத்தில் சிவப்பு விழுந்தால் மேடத்தின் போனில் அபாய மணி அடிக்கும். அது மட்டும் நடக்கவே நடக்காது என்று கார்த்திக் சிரித்தான்.

பிறகு செய்முறை விளக்கம். வருஷக்கணக்காகப் பகலில் தலை சாய்க்காத எங்களைப் பாயில் படுக்க வைத்து, ஏசியைப் போட்டு, கண்ணை மூடுங்கள் என்றால் என்ன ஆகும்? பாதிப் பேர் தூங்கிவிட்டோம். குழந்தைகள் வார்டு இன்சார்ஜின் குறட்டை வராந்தா வரைக்கும் கேட்டதாம். எங்கள் எல்லோருக்கும் பச்சை. ஆழ்ந்த தியானம் என்று கார்த்திக் மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விழிப்பு வந்தது.

வார்டுக்கு வந்ததும் கதை மாறியது. முதலில் அந்தக் குரல். ஆப்பைத் தொட்டதும் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசுவாள்: "இப்போது உங்களைச் சுற்றி எல்லாம் அமைதியாக இருக்கிறது." உங்களுக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம், எங்கள் தொழிலில் டூட்டியில் சொல்லவே கூடாத வாக்கியம் அது. வார்டு அமைதியாக இருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னாலும் அடுத்த நிமிஷம் மூன்று அட்மிஷன் வந்து நிற்கும். மராட்டிக்காரி, மலையாளி, தமிழச்சி எல்லோருக்கும் ஒத்த கருத்து இருக்கிற ஒரே விஷயம் இதுதான். முதல் நாள் எங்கள் சீனியர் நர்ஸ் ஷுபாங்கி ஆப்பைத் தொட்டாள், அந்தக் குரல் அமைதி என்றது, உடனே ஒரே பைக்கில் போய் விழுந்த அண்ணன் தம்பி மூன்று பேர் வந்து இறங்கினார்கள். மறுநாள் பிளாஸ்டர் ரூமில் குழாய் வெடித்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எல்லாப் போனையும் மியூட்டில் போடச் சொல்லிவிட்டேன்.

அடுத்தது, படுப்பதற்கு நேரம். உடை மாற்றும் அறையில் ஒரு பழைய ஸ்ட்ரெச்சர் கிடந்தது. போய்ப் படுப்பாள் ஒருத்தி. மூச்சை இழுப்பதற்குள் பெல் அடிக்கும். எழுந்து ஓடுவாள். சிவப்பு. கொஞ்சம் அனுபவம் உள்ளவர்கள் இரண்டு நாளில் படுப்பதையே விட்டுவிட்டார்கள். இசக்கி மட்டும் விடவில்லை.

இசக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாராவியில் பிறந்து வளர்ந்த பெண். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், ரோட்டில் இந்தி, கேஸ் ஷீட்டில் இங்கிலீஷ். எங்கள் வார்டில் ப்ரொபேஷனில் இருந்தாள், இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒருநாள் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தபோது, பிளாஸ்டர் போட்ட ஒருவரின் கால் விரல் நிறம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அந்தக் கால் போயிருக்கும். அன்றைக்கே முடிவு செய்தேன், இவளை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று. இப்படி ஒருத்தி கிடைப்பது லேசுப்பட்ட காரியமா?

அவளுக்கோ சொன்னதைச் சொன்னபடி செய்கிற குணம். தினமும் ஸ்ட்ரெச்சரில் படுப்பாள், தினமும் யாராவது கூப்பிடுவார்கள், தினமும் சிவப்பு வாங்கிக்கொண்டு வருவாள். மேடம் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணுக்கு நெருக்கடியைத் தாங்கும் மனசு இல்லை போலிருக்கிறதே, நிரந்தரம் செய்வது பற்றி யோசிக்க வேண்டும் என்றார். அவள் எழுந்து ஓடியது பெட்பேன் கொடுக்க என்றேன். ஆப்பில் அதைக் குறிக்கக் கட்டம் எதுவும் இல்லையே என்றார்.

நான் கொதித்துக்கொண்டு கீழே வந்தால், ஜன்னலோரப் படுக்கையில் அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருப்பவர். அங்கே வீட்டுக்குள் மேல்தளத்துக்கு ஏற ஒரு செங்குத்தான ஏணி இருக்குமே, அதிலிருந்து விழுந்து தொடையை முறித்துக்கொண்டவர். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அசைய முடியாது. மத்தியானம் சாப்பிட்டாரானால், விசிட்டர் நேரம் வரைக்கும் அப்படி ஒரு தூக்கம். இடி விழுந்தாலும் தெரியாது. வயிறு மட்டும் மெதுவாக, நிதானமாக, அரசாங்கக் கோப்பு மாதிரி நகரும்.

அந்த வயிற்றின் மேல் வரிசையாகப் போன்கள் இருந்தன.

ஷுபாங்கியின் யோசனை அது. ஏறி இறங்க ஒரு வயிறு வேண்டும், அது யாருடையது என்று போனுக்கு எப்படித் தெரியும் என்பது அவள் வாதம். நான் வாயைத் திறந்தேன், திட்டுவதற்குத்தான். அதற்குள் இசக்கியின் போனில் பச்சை வந்தது. அவள் வாழ்க்கையில் வந்த முதல் பச்சை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டேன். போனை எல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தீர்களா என்று மட்டும் கேட்டேன். அண்ணாச்சி விழித்ததும் அவரிடம் முறைப்படி அனுமதியும் வாங்கினோம்.

"தாராளமா வச்சுக்கோங்க தாயி," என்றார். "காலத்தான கட்டிப் போட்டிருக்கிய. வயிறு சும்மாதான கெடக்கு."

அதன் பிறகு அவர் அதை ஒரு உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டார். தூக்கம் கெட்டுவிடக் கூடாது என்று மத்தியான டீயை நிறுத்தினார். சோறு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். விழித்ததும் முதல் கேள்வி, இன்னைக்கு நாம பாஸா என்பதுதான். பாஸ் என்று சொன்னால் பக்கத்துப் படுக்கைக்காரரைப் பெருமையாகப் பார்ப்பார்.

லிஃப்டுக்குப் பக்கத்துத் திரையில் எலும்பு வார்டு மேலே மேலே போனது. மற்ற வார்டு இன்சார்ஜ்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்களுக்கு ஒரு கேக் வந்தது. கார்த்திக் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"எல்லாரும் ஒரே தாளத்துல மூச்சு விடறா மாமி. ஒருத்தர் இழுத்தா எல்லாரும் இழுக்கறா, ஒருத்தர் விட்டா எல்லாரும் விடறா. இப்படி ஒரு ஒத்துமைய நான் எந்த ஆஸ்பத்திரியிலயும் பார்த்ததே இல்ல."

ஒரே வார்டு, ஒரே கேண்டீன் சாப்பாடு, அப்படித்தான் இருக்கும் என்றேன். அவன் அதையும் குறித்துக்கொண்டான்.

இசக்கி தப்பித்துவிட்டாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் மேடம் மறுபடி கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீ சொன்னார். மேலதிகாரி உட்காரச் சொல்லி டீயும் சொன்னால் உஷாராகிவிட வேண்டும், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வார்டில் அழுத்தமே இல்லை என்று ஆப் காட்டுகிறது, மிகவும் சந்தோஷம் என்றார். அழுத்தம் இல்லையென்றால் வேலை குறைவு என்று அர்த்தம். வேலை குறைவென்றால் ஆள் அதிகம். அதனால் கடைசியாக வந்த பெண்ணின் ப்ரொபேஷன் இந்த மாதத்தோடு முடிகிறபோது, அதை நீட்டிக்காமல் அந்த இடத்தையே எடுத்துவிடலாம் என்று இருக்கிறாராம்.

டீயைக் கீழே வைத்தேன். சிவப்பு விழுந்தாலும் வெளியே போ, பச்சை விழுந்தாலும் வெளியே போ. இந்த பம்பாயில் எத்தனையோ சிக்னலைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு சிக்னலைப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால், ஏமாற்று வேலை செய்தவர்களில் முதலில் கழுத்துப் போவது நிரந்தரம் ஆகாதவளுக்குத்தான். சொல்லாவிட்டாலும் அவளுக்குத்தான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

இசக்கியிடம் மறைக்க மனசு வரவில்லை. உடை மாற்றும் அறையில் வைத்துச் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த போர்வையை முழுசாக மடித்து முடித்தாள்.

"வீட்ல பெர்மனென்ட் ஆயிட்டுன்னு சொல்லிட்டேன்க்கா," என்றாள். "பச்ச விழுந்த அன்னிக்கே சொல்லிட்டேன். எங்கப்பா கல்லி பூரா லட்டு குடுத்துட்டாவ. இப்ப போயி திருப்பித் தாங்கன்னு கேக்கவா முடியும்?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவளுக்கு இரண்டும் வரவில்லை, அதுதான் என்னை அறுத்தது. கல்லி என்றால் சந்து. அந்தச் சந்து முழுக்க அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வேலை போனது என்று அங்கே போய் எந்த முகத்தோடு சொல்வாள்? நாளைக்கு நானே மேடத்திடம் போய்ப் பேசுகிறேன், என் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். நான் பேசி முடிக்கும் வரை எதையும் மாற்ற வேண்டாம், எல்லாம் வழக்கப்படி நடக்கட்டும் என்று மற்றவர்களிடமும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் மத்தியானம். மருந்து அலமாரிக்கு முன்னால் நின்று, மேடத்திடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோபமாக ஒரு தடவை, பணிவாக ஒரு தடவை. இரண்டும் சரியாக வரவில்லை. வழக்கப்படி போன்கள் அண்ணாச்சியின் வயிற்றில் இருந்தன. விசிட்டர் நேரத்துக்குக் கதவைத் திறந்தார்கள். அண்ணாச்சியின் மருமகன் முதல் ஆளாக உள்ளே வந்தான். மாமனாரை எழுப்பினான். உங்களுக்காகக் கல்லி முனையில் பெரிய பேனர் கட்டியிருக்கிறேன், சீக்கிரம் குணமாகி வர வாழ்த்து என்று சொல்லி, போனில் அதன் போட்டோவைக் காட்டினான்.

அந்தப் பையன் பம்பாயிலேயே பிறந்தவன், இந்தி மீடியம். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பேனர் அடித்த கடைக்காரர் உத்தரப் பிரதேசத்துக்காரர், அவருக்குப் பேசவும் தெரியாது. தமிழில் ஒரு நல்ல டிசைனாகப் போடுங்கள் என்று இவன் சொல்லியிருக்கிறான். தன் கம்ப்யூட்டரில் இருந்ததிலேயே நல்ல டிசைனாக அவர் எடுத்துப் போட்டிருக்கிறார். நடுவில் அண்ணாச்சியின் படம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே வெள்ளைத் தாமரை. அண்ணாச்சி தமிழ் படிக்கத் தெரிந்தவர். தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, மேலே பெரிதாக இருந்ததை எழுத்துக் கூட்டாமல் ஒரே தடவையில் படித்தார். கண்ணீர் அஞ்சலி.

"ஏல, என்னைய உசுரோட அனுப்பி வச்சிட்டியால?"

அந்தச் சத்தத்தில் சலைன் பாட்டில் ஆடியது. வயிறு ஒரு குதி குதித்தது. எல்லாப் போனும் ஒருசேரச் சிவப்பாகி, மியூட்டையும் மீறிக்கொண்டு டங் டங் என்று மணி அடிக்க ஆரம்பித்தன. ஒன்று கஞ்சிக் கிண்ணத்தில் விழுந்தது. ஒன்று கால் எடையின் கயிற்றில் சிக்கிக்கொண்டு ஊஞ்சலாடியது. மேலே மேடத்துக்கு என்ன செய்தி போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எலும்பு வார்டின் மொத்த நர்ஸுகளும் ஒரே நொடியில் மனம் உடைந்துவிட்டார்கள்.

மேடம் படிக்கட்டில் ஓடியே வந்தார், பின்னாலேயே கார்த்திக். வந்து பார்த்தால், ஷுபாங்கி மருந்துக் கடையோடு வார்டு போனில் மல்லுக்கு நிற்கிறாள். இசக்கி ஒரு கிழவரைப் புரட்டி பெட்பேன் வைத்துக்கொண்டிருக்கிறாள். மற்றவர்கள் டிரெஸ்ஸிங்கில் இருக்கிறார்கள். ஒருத்திக்கும் மனம் உடைந்ததாகத் தெரியவில்லை. நடுவில் அண்ணாச்சி, வயிற்றில் மிச்சமிருந்த போன்களோடு மருமகனின் பரம்பரையையே ஏசிக்கொண்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், அந்த வயிற்றை எங்கே மறைப்பது?

இது என்ன என்று மேடம் கேட்டார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், மனதில் இருந்தது அப்படியே வந்துவிட்டது.

"மேடம், இந்த வார்டில் பத்து நிமிஷம் படுக்க நேரமிருக்கிற ஒரே ஆள் இவர்தான். அவரும் காலைக் கட்டிப் போட்டிருப்பதால்தான் படுத்திருக்கிறார்."

மேடத்தின் முகம் சிவந்தது. இது மோசடி, சம்பந்தப்பட்ட ஒருவரையும் விடப்போவதில்லை, முதலில் அந்தப் ப்ரொபேஷன் பெண் என்று ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. வாசலில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

மருமகன் காலையிலேயே அந்தப் போட்டோவைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருக்கிறான். அவன் வயசுக்காரர்கள் யாரும் படிக்காமல் ஹார்ட் போட்டிருக்கிறார்கள். கல்யாண் என்ற ஊரில் இருக்கும் அண்ணாச்சியின் அக்கா படித்திருக்கிறார். ஒரு மாலையை வாங்கிக்கொண்டு, இன்னும் நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு, டிரெயின் பிடித்து நேரே வந்துவிட்டார். உள்ளே வந்தவர்களுக்குத் தெரிந்தது, படுக்கையைச் சுற்றி ஒரு கூட்டமும், அதன் முன்னால் பெரிய டாக்டர் மாதிரி நின்றுகொண்டிருந்த மேடமும்தான். அக்கா நேராகப் போய் மேடத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என் தம்பியைக் கொன்றுவிட்டாயே பாவி, கால்தானே உடைந்தது, காலுக்கு யாராவது சாவார்களா என்று ஒரு பாட்டம் அழுதார். மற்ற பெண்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மேடத்துக்கு மராட்டியும் இங்கிலீஷும் தெரியும், தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. என்ன சொல்கிறார்கள் என்று கார்த்திக்கைக் கேட்டார். நீங்கள் கொன்றுவிட்டதாகச் சொல்கிறார்கள் மேடம் என்று அவன் இங்கிலீஷில் மிகத் தெளிவாக மொழிபெயர்த்தான்.

பின்னால் அண்ணாச்சி நான் இங்கனதான் இருக்கேன் என்று கத்துகிறார், ஒப்பாரியில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் பெல்லை அமுக்குகிறார்கள். ஒருவர் இந்தச் சமயம் பார்த்து டீ கேட்கிறார். மாலை மேடத்தின் தோளில் பாதி விழுந்துவிட்டது. நான் கூட்டத்துக்குள் நுழையப் பார்த்தேன், முடியவில்லை. மேடம் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. காப்பாற்று என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இசக்கி பெட்பேனை முடித்தாள். கையைக் கழுவினாள். கூட்டத்துக்குள் வந்து, திரைச்சீலையை ஒதுக்குவது போல மேடத்தைத் தோளைப் பிடித்து ஒரு ஓரமாக நகர்த்தினாள். அண்ணாச்சியின் அக்கா முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் படுக்கைப் பக்கம் திருப்பினாள்.

"பெரியம்மா, அழுகைய நிப்பாட்டிட்டு இங்கன பாருங்க. செத்தவரு கஞ்சி கேக்காரு."

அந்த அம்மாள் பார்த்தார். அண்ணாச்சி கையை ஆட்டினார். அவ்வளவுதான், அந்த அம்மாளுக்குக் கண் சொருகியது. விழுவதற்கு முன்னாலேயே இசக்கி பிடித்து, நாற்காலியில் சாய்த்து, நாடியைப் பார்த்து, தண்ணீர் கொடுத்தாள். மற்ற பெண்களை ஒரு வார்த்தைகூடக் குரல் உயர்த்தாமல் வராந்தாவுக்கு அனுப்பினாள். குதித்ததில் அண்ணாச்சியின் கால் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, எடையைச் சரியாகத் தொங்கவிட்டாள். கயிற்றில் சிக்கிய போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டீ கேட்டவரிடம் இப்போது கிடையாது என்று சொல்லிவிட்டு, பெட்பேன் கிழவரிடம் திரும்பிப் போனாள். மேடம் அப்போதுதான் மாலையைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பார்த்தீர்களா, இவளுக்கா நெருக்கடியைத் தாங்கும் மனசு இல்லை என்றீர்கள், என்று ஒரு பிடி பிடித்திருக்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தால் எனக்கு இன்றைக்கு வரைக்கும் இனிக்கும். ஆனால் எங்கள் வார்டைப் பற்றி மேடம் ஆஸ்பத்திரி டிரஸ்டிகளிடம் ஏற்கெனவே பெருமையடித்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். கார்த்திக்கோ அழுகிற நிலையில் நின்றான்.

"எல்லா எடத்துலயும் உங்க வார்டைத்தான் காட்டினேன் மாமி," என்றான் மெல்ல.

இவர்களைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினால், தப்பிப்பதற்காக இசக்கியைத்தான் மிதித்துக்கொண்டு போவார்கள். மேலே ஏறி நிற்பவர் இறங்கி வர வேண்டும் என்றால் ஏணியை நாம்தான் வைக்க வேண்டும். அண்ணாச்சி விழுந்த மாதிரி செங்குத்தான ஏணி கூடாது, சாய்வாக வைக்க வேண்டும்.

அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆப் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை மேடம் என்றேன். படுக்க நேரம் உள்ளவருக்குப் பச்சை, இல்லாதவளுக்குச் சிவப்பு, சரியாகத்தானே சொல்லியிருக்கிறது? எந்த வார்டில் ஆள் போதவில்லை என்று கண்டுபிடித்துக் கொடுத்ததே உங்கள் திட்டம்தான். ஒருத்தி படுத்திருக்கிற பத்து நிமிஷம் அவள் பெல்லைக் கவனிக்க இன்னொருத்தி இருந்தால் நாங்களே பச்சை வாங்குவோம், அண்ணாச்சிக்கும் ஓய்வு கிடைக்கும். டிரஸ்டிகளிடம் இதைச் சொன்னால் அவர்களுக்குப் பிடிக்கும் என்றேன். கார்த்திக் தலையை வேகமாக ஆட்டினான். அவனுக்கு உயிர் வந்துவிட்டது.

மேடம் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் என் கையில் கொடுத்தார். வாசல் வரை போய்த் திரும்பி, அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார். அதுவரை அவருக்குத் தெரிந்தது அவளுடைய சிவப்பும் பச்சையும் மட்டும்தான். இசக்கி என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

ஆப் எங்கும் போய்விடவில்லை. விருப்பமுள்ளவர்கள் செய்யலாம் என்று ஆனது. பிறகு ஆசையாகச் செய்தவர்களும் உண்டு, அவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். நேரம் இருக்கிறவர்களுக்கு அது நல்லதுதான். லிஃப்டுக்குப் பக்கத்துத் திரையில் கேண்டீன் மெனு ஓட ஆரம்பித்தது. அண்ணாச்சி நடந்தே வீட்டுக்குப் போனார். அந்த பேனரை அவர் தூக்கியெறியவில்லையாம். நல்ல கெட்டித் துணி, எதற்கு வீணாக்குவது என்று மழைக்குப் பட்டறைக் கூரையில் விரித்திருக்கிறார், முகம் உள்பக்கம் இருக்கிற மாதிரி.

மாதக் கடைசியில் இசக்கிக்கு நிரந்தர ஆணை வந்தது. கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்து, ஆசீர்வாதம் செய்யக் கையைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"அக்கா, பெர்மனென்ட்டுன்னா லீவு உண்டும்லா?" என்றாள். "எனக்கு நாளைக்கு லீவு வேணும். தூங்கணும்."

தூக்கிய கையாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவளுடைய படுக்கைகளையும் சேர்த்து நானே பார்த்தேன். இடுப்பு விட்டுப்போனது. மத்தியானம், ஒரு மருந்து எங்கே வைத்தாள் என்று கேட்பதற்காக அவளுக்குப் போன் பண்ணினேன். அவள் அப்பா எடுத்தார். பிள்ளை இன்னும் எந்திரிக்கல, எழுப்பட்டுமா என்று ரகசியம் பேசுகிற குரலில் கேட்டார். வேண்டாம், வேண்டாம் என்று நானும் அதே குரலில் சொல்லி, சத்தம் வராமல் போனை வைத்தேன்.